சாவா மூவா முதல்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிலைநிதி பற்றி எலுவன்குளத்திலிருந்து ஒரு நோக்கு

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய தெருவில் எலுவன்குளம் உள்ளது. ஊரைக் கடந்தால் கலா ஓயா. அதன் குறுக்கே சப்பாத்துப் பாலம். மாரியில் ஆறு பெருகும்போது பாலம் நீருள் மறைய, இரு கரைகளும் தொடர்பற்றுப் போவதுண்டு. அக்கரையில், வில்பத்துக் காட்டினுள், பொம்பரிப்பு என்னும் பழைய ஈமக்காடு கிடக்கின்றது. கருப்பு சிவப்பு மட்கலங்களும், ஒரே தாழியுள் ஒருவர்க்கு மேற்பட்டோரின் எலும்புகளும் அங்கே கிடைத்துள்ளன. ஆதிச்சநல்லூரோடு ஒப்பிட்டு ஈழத்துத் தமிழறிஞர் பலகாலும் பேசிவரும் இடம் அது. அவ்விடத்தை 1970 ஆம் ஆண்டில் அகழ்ந்தவர் விமலா பெக்லி. அவர் வந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் சார்பில். எலும்புகளை ஆராய்ந்தோருள் ஒருவரான கென்னடி, கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்.

உலகின் மறுபுறத்துப் பல்கலைக்கழகமொன்று எலுவன்குளத்து ஆற்றைக் கடந்து வந்து நம் முன்னோரின் தாழிகளைத் திறக்க நேர்ந்தது எவ்வாறு? ஆர்வமும் புலமையும் நம்மிடத்தும் இருந்தன. எமது தொல்பொருளியல் திணைக்களமும் அங்கு முன்னரே அகழ்ந்திருந்தது. எனினும், 1887 இல் தோன்றி நிப்பூரிலும் ஊரிலும் ஆண்டுக்கணக்காக அகழ்வு நடத்திய நூதனசாலை ஒன்று தளராது நிலைபெற்றிருத்தற்கு வேறொன்றும் வேண்டும். அதுவே நிலைநிதி.

நிலைநிதி என்பது நமக்குப் புதிய கருத்தன்று. சோழர் கல்வெட்டுக்களிற் கோயில் நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று பொறித்தனர். ஆடு சாகும், மூக்கும். ஆயின் மந்தையின் எண்ணிக்கை குறைதல் கூடாது. நெய் மட்டுமே கோயிலுக்கு உரியது. முதலைத் தொடாது பொலிசையை மட்டும் உண்ணும் இவ்விதியே ஹார்வர்டிலும் நடைபெறுகின்றது. 2024 ஆம் ஆண்டு யூன் முடிவில் ஹார்வர்டின் மந்தை 5,320 கோடி டொலர். அவ்வாண்டு கறந்தது 240 கோடி. பல்கலைக்கழகத்தின் வருவாயில் மூன்றிலொன்றுக்கு மேல் இவ்வாறே வந்தது.

யாரிடம் மிகுதியாக உள்ளது எனக் கேட்போர் மொத்தத் தொகையையே நோக்குவர். 2024 இல் ஹார்வர்டை அடுத்து டெக்சாசுப் பல்கலைக்கழகத் தொகுதி ஏறத்தாழ 4,750 கோடி, யேல் 4,140 கோடி, ஸ்ரான்போட் 3,760 கோடி, பிரின்ஸ்ரன் 3,410 கோடி, பென்சில்வேனியா 2,230 கோடி டொலர் கொண்டிருந்தன. இவ்வரிசை நம்மை மயக்கவல்லது. பிரின்ஸ்ரனில் மாணவர் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே தலைக்கு முப்பத்தெட்டு இலட்சம் டொலர் அளவில் வரும். ஹார்வர்டில் அது இருபத்திரண்டு இலட்சம் அளவே. டெக்சாசிலோ இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்க்குப் பகிர்ந்தால் இரண்டு இலட்சத்தையும் எட்டாது. இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்குமாக 45 வேலி நிலம் விடப்பட்டது. வேலிக்கு ஏழெட்டு மாணவர் என்க. இவ்வாறு தலைக்கணக்கிற் பார்த்தாலன்றிக் கல்விச்செல்வத்தை அளத்தல் இயலாது.

இம்மந்தைகள் எங்கிருந்து வந்தன என்பதும் நோக்கற்பாலது. யேலின் பெயர் சென்னைக் கோட்டையிலிருந்து சென்றது. 1687 முதல் 1692 வரை புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்களிடையே பதவி நீக்கப்பட்ட எலிகு யேல், 1718 இல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அரசரின் படமொன்றும் கொடுத்தார். சரக்கு ஏறத்தாழ 562 பவுணுக்கு விலைபோயிற்று. அதற்கே கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. சோழமண்டலக் கரையிலே தேடிய செல்வத்துக்கு இத்துணை மலிவாக நிலைத்த புகழ் வேறெங்கும் கிட்டியதாக யாம் அறியோம்! டெக்சாசின் செல்வம் அரசு ஒதுக்கிய இருபத்தொரு இலட்சம் ஏக்கர் வறண்ட நிலத்தில் 1923 இல் எண்ணெய் பீறிட்டதால் விளைந்தது. கோர்ணெலின் செல்வமோ, 1862 ஆம் ஆண்டின் மொரில் சட்டத்தால் நியூயோர்க் மாநிலத்துக்குக் கிடைத்த ஏறத்தாழ பத்து இலட்சம் ஏக்கர் உரிமையிலிருந்து வளர்ந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதி, அமெரிக்கப் பூர்வகுடிகள் வாழ்ந்த விஸ்கொன்சின் காடுகளிலே தெரிந்தெடுக்கப்பட்டது. பொம்பரிப்பின் எலும்புகளை ஆராய்ந்த பல்கலைக்கழகத்தின் முதல், வேறொரு மக்களின் முன்னோர் துயின்ற மண்ணிலிருந்து வந்ததென்பதை எண்ணாமலிருக்க எம்மால் இயலவில்லை.

கொடுத்தவர் குறித்த பணிக்கே பொலிசை செல்லும். ஹார்வர்டின் நிதி பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டளைகளின் தொகுதி. அவற்றுட் பெரும்பாலானவை இன்ன பணிக்கு என விதிக்கப்பட்டவை. ஆதலின் எவ்வினா ஆராயப்படும் என்பதைப் பெரிதும் கொடையாளியே தீர்மானிக்கின்றார். உலகத் தமிழரும் தமிழ்நாட்டு அரசும் சேர்ந்து 2018 இல் அறுபது இலட்சம் டொலர் திரட்டி ஹார்வர்டிலே தமிழ் இருக்கை நிறுவியதன் பொருள் இதுவே. நூற்றுக்கு நாலரை எனக் கொண்டால் ஆண்டுக்கு இரண்டே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆசிரியரும் அவர்தம் துணைப்பணியும். பெரிய தொகையன்று; ஆயின் ஆண்டுதோறும் வரும். அமெரிக்க அரசு 2017 இல் இத்தகைய நிதிகளின் வருவாய்மீது விதித்த 1.4 வீத வரி, 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிகப் பெரியவற்றுக்கு 8 வீதம் வரை உயர்ந்தது. சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதினும் அரசு தன் பங்கைக் கேட்கும் போலும்.

நம் நாட்டின் நிலை வேறு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் பொருளால் எழுப்பிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களிலேயே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. கொடை கட்டடமாக நின்றது. பல்கலைக்கழகத்தை நடத்தும் பணம் திறைசேரியிலிருந்து ஆண்டுக்காண்டு வாக்களிக்கப்படுவது. இலவசக் கல்வி அதனாலேயே சாத்தியமாயிற்று என்பதை மறுப்பார் இலர். அமெரிக்க முறையிலே அச்சமத்துவம் இல்லை. ஆயினும் திறைசேரியின் ஒதுக்கீடு திசெம்பர் 31 உடன் முடிந்துவிடும். பொம்பரிப்பில் அகழ்வு நிகழ்ந்தது 1970. பெக்லியின் அறிக்கை திணைக்கள ஏடான 'ஏன்சியன்ட் சிலோன்' இல் வெளிவந்தது 1981. இடைப்பட்ட பதினோராண்டுகளில் ஓட்டைப் பொருத்துதல், எலும்பை அளத்தல், படம் வரைதல் ஆகிய வேலைகளைச் செய்வோர்க்கு யாரேனும் ஊதியம் கொடுத்தாக வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலே திறக்கப்படாத தாழிகள் இன்னும் உள்ளன.