மண்டையும் பழந்தேறலும்

நாஞ்சில் நாட்டை அடுத்த கடற்கரையூராகிய மண்டைக்காட்டின் பெயரை ‘மந்தைக்காடு’ என்பதன் திரிபென்பர். அது நிற்க. சங்க நூல்களில் மண்டை என்பது இரவலரும் பாணரும் ஏந்திய கலம். அதில் வார்க்கப்பெற்ற பழந்தேறல் யார்க்குரியது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கள்ளை மூங்கிற் குழாயில் அடைத்தும் நிலத்திற் புதைத்தும் முதிரவைத்தல் பண்டைய வழக்கம். அங்ஙனம் புதைத்து முதிர்ந்த தேறல் பறம்பு நாட்டிற் குடிதொறும் ‘பகர’ப்பட்டது என்பர் கபிலர் (புறம். 120). பகர்தலுக்கு விற்றல் என்னும் பொருளும் உண்டு. அதனைக் கொள்ளின் விருந்து வாணிகமாகிவிடும். ஆயினும் வரகு, தினை, அவரை ஆகியவற்றின் விளைவுக்கும் சோறடுதற்கும் இடையே இச்செய்தி வருதலின், உண்ணக் கொடுத்தல் என்பதே பொருந்தும்.

யவனர் தந்த தேறலின் நிலை வேறு. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர் (புறம். 56), அருங்கலங்களை இரவலர்க்கு ஈயுமாறு கூறுகின்றார்; தேறலையோ பொற்கலத்தில் மகளிர் ஊட்ட அவனே உண்ணுமாறு கூறுகின்றார். இதற்கு அருமையே காரணம் போலும். முசிறி முதலிய மேலைக்கரைத் துறைகளில் இறங்கிய மது மிகுதியன்று எனக் கி.பி. முதல் நூற்றாண்டுப் பெரிப்ளூசு குறிக்கின்றது. கீழைக்கரையில், 1945-இல் அகழப்பெற்ற அரிக்கமேட்டில் அம்மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

நாஞ்சில் வள்ளுவனிடம் அரிசி கேட்டு யானை பெற்ற ஔவையாரே (புறம். 140) அதியமானின் கட்பகிர்வையும் பாடியவர் (புறம். 235). சிறிது பெறின் எமக்கே தருவான், பெரிது பெறின் யாம் பாடத் தானும் உடனுண்பான் என்பது அவர் கூற்று. அது கையறுநிலைப் பாட்டு. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்தம் மண்டையையும் துளைத்தது என்கின்றார் அவர்.