யாருடைய முறை?

விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். வேம்பார், சிப்பிகுளம் எல்லாம் அந்தக் கரைதான். சிப்பிகுளம் பெயரிலேயே சிப்பியை வைத்திருக்கிறது.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தப் பக்கத்துத் தோணிகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சிப்பி அள்ளும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். அவர் ஏறினால் இவர் இறங்குவார். பிரிட்டிஷார் நடத்திய சிலாபங்களில் பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகுதான் குளிக்கவே ஆரம்பிக்கலாம். கடல் பொது. அதனால் முறை வைத்தார்கள்.

கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பும் வெளியும் பொதுதான். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே காதில் விழாது. அப்படியானால் யார் எப்போது பேசுவது? கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு 'மீடியம் ஆக்சஸ் கன்ட்ரோல்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் 'முறை' என்றே சொல்லிக்கொள்வோம்.

கதை 1971-ல் ஹவாய்த் தீவுகளில் ஆரம்பிக்கிறது. அங்கங்கே தீவுகளில் இருந்த கல்லூரி வளாகங்களை ரேடியோ மூலம் ஹோனலூலு கம்ப்யூட்டரோடு இணைத்தார் நார்மன் ஆப்ரம்ஸன். 'அலோஹா' என்று பெயர். அவர் வைத்த விதி ரொம்ப எளிமை. தோன்றும்போது அனுப்பு. மோதிப் போச்சா, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்ததில், இப்படி இஷ்டத்துக்கு விட்டால் அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் தேறாது என்று தெரிந்தது. அடுத்த வருஷமே லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஒரு திருத்தம் சொன்னார். கடிகாரம் பார்த்து, குறித்த நொடியில் மட்டும் ஆரம்பியுங்கள். அவ்வளவுதான், 18 என்பது 37 ஆகிவிட்டது!

1997-ல் வந்த வைஃபை இன்னும் கொஞ்சம் நாகரிகமானது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால், சில கணம் தயங்கிவிட்டுப் பேசும். பாக்கெட் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் தொலைந்தது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும்.

ஈமெயிலுக்கு இது போதும். இரண்டு நொடி தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் குரலும் வீடியோவும் அப்படியா? 'வலிக்குதா பாட்டி?' என்று டாக்டர் கேட்டது மூன்று நொடி கழித்துத் துண்டு துண்டாக வந்தால் பாட்டி எதற்கு 'ஆமாம்' சொல்கிறார் என்றே தெரியாது. லேட்டாக வந்த குரல், வராத குரல் மாதிரிதான். இதற்காகவே 2005-ல் வைஃபை விதியில் நான்கு வரிசைகள் வைத்தார்கள். பேச்சுக்கு முதலிடம், அப்புறம் வீடியோ, அப்புறம் மற்றதெல்லாம்.

பாட்டியை நான் சும்மா இழுக்கவில்லை.

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண்புரை ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். பார்வை போவது ஒரு பிரச்னை என்றால், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறவேண்டியிருப்பது இன்னொரு பிரச்னை. பலர் கண்ணைவிடக் கூலியே பெரிசு என்று இருந்துவிடுவார்கள்.

அதற்காகத்தான் கிராமத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பார்வை மையங்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கிராமத்தில் நல்ல இணைய இணைப்பு கிடையாது. ஆகவே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, மலிவான வைஃபை கருவிகளையே டவரில் ஏற்றி, 15 கிலோமீட்டர் வரை சிக்னலை இழுத்துப் பார்த்தது.

இங்கேதான் முறை தகராறு செய்தது. ஒளியின் வேகத்தில் போனாலும் 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி ஆகும். வைஃபையின் பொறுமையோ ஒரு வீட்டின் அளவுக்கு வைக்கப்பட்டது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே 'போச்சு' என்று மறுபடி அனுப்பும். எதிர்ப்பக்கம் பேச ஆரம்பித்ததும் உடனே காதில் விழாது. இரண்டும் மோதும். ஒரே டவரில் இரண்டு கருவி இருந்தால் ஒன்று கத்தும்போது இன்னொன்றுக்குக் காது அடைத்துவிடும்.

தீர்வின் வேர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்தது. பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல் ஒரு யோசனை சொன்னார்கள். டவரில் இருக்கும் எல்லாக் கருவிகளும் ஒன்றாகப் பேசட்டும், அப்புறம் ஒன்றாகக் கேட்கட்டும். பெர்க்லிக்காரர்கள் அதன்மேல் கட்டியதற்கு 'வைல்ட்நெட்' என்று பெயர் வைத்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கடிகாரக் கணக்கில் முறை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேட்காமல் மொத்தமாக ஒரு பதில். வீடியோவுக்கு மறுபடி அனுப்ப நேரமில்லாததால், தொலைந்ததை ஈடுகட்டக் கொஞ்சம் உபரி பாக்கெட்டுகள் முன்கூட்டியே. அதே கருவி, அதே தூரம். வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு கூடியது. மாறியது முறை ஒன்றுதான்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். தேனியில் ஐந்து மையங்களை இணைத்துத் தொடங்கிய அரவிந்தின் பார்வை மையங்கள் இப்போது நூறைத் தாண்டிவிட்டன. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் புது வைஃபை-6 ரவுட்டரும், போட்டி போடவிடாமல் இன்னாருக்கு இந்த நேரம் என்று பங்கு பிரிக்கத் தெரிந்ததுதான்.

அடுத்த தடவை வீடியோ காலில் பேரன் முகம் உறைந்து நின்றால் போனைத் தட்டாதீர்கள். உங்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சிப்பிகுளத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. இறங்கினவன் மேலே வரும்வரை அடுத்தவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்த கரை அது.