ஊமைக் கற்கள் பேசிய கதை



மையவாடியில் எழுத்துத் தேய்ந்த மீஸான் கல்லொன்றைக் கண்டால், “இது யாருடைய கபுறோ?” என்று கேட்டுவிட்டு நடந்து விடுகிறோம். பெயரை வாசிக்க முடியாதபோது ஆளும் மறைந்து போகிறார்.

இலங்கையினதும் இந்தியாவினதும் மிகப் பழைய கல்வெட்டுக்களும் இப்படித்தான் கிடந்தன. பிராமி எழுத்தை வாசிக்கத் தெரிந்தோர் எவரும் மிஞ்சவில்லை. 1837இல்தான் அவை வாய் திறந்தன. கல்கத்தா நாணயச் சாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியின் கல்வேலிகளிலிருந்து படியெடுத்த சிறு வாசகங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை ஒரே இரு எழுத்துக்களில் முடிந்தன. புனிதத் தலத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் கடைசியில் எதை எழுதுவார்கள்? ‘தானம்’ என்றுதானே! அந்த ஊகத்தால் த, ந என்ற எழுத்துக்கள் பிடிபட்டன, மற்றவை பின்தொடர்ந்தன.

டில்லித் தூணில் ‘பியதசி’ என்ற மன்னர் பெயர் தெரிந்தது. அவர் யார்? விடை எமது நாட்டிலிருந்து போனது. இங்கே சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர், பாளி நூலாகிய தீபவம்சத்தை ஆராய்ந்து, அவர் அசோகச் சக்கரவர்த்தியே என்று காட்டினார். கல் கேட்ட கேள்விக்கு ஏடு பதில் சொன்னது.

அதே திறவுகோல் அம்பாறை மாவட்டத்துக் குகைகளையும் திறந்தது. பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் இலங்கையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராமிச் சாசனங்கள் உள்ளன. ‘லெண’ என்றால் குகை. ‘சகச’ என்றால் சங்கத்துக்கு. துறவிகளுக்குக் குகை கொடுத்தவர்களின் பெயர்களே அவற்றில் நிறைந்திருக்கின்றன. எமது மாவட்டத்துக் குடுவில் கல்வெட்டு தீகவாபி வணிகரைக் குறிப்பிடுகிறது. ‘தமேட’, அதாவது தமிழர் என்ற சொல்லும் அதில் உண்டு.

இந்த மண்ணுக்கு முந்தி வந்தவர் யார் என்று வழக்காடுவோர் கல்வெட்டைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் தமிழர் பெயரும், வணிகமும், பௌத்தக் குகையும் ஒரே பாறையில் சேர்ந்திருக்கும்போது, அந்தக் கல் எவருடைய கட்சியையும் பேசவில்லை. இங்கே பலரும் கலந்து வாழ்ந்தார்கள் என்று மட்டுமே அது சொல்கிறது.

கல்லுடைப்போரின் வெடியும், புதையல் தேடுவோரின் அலவாங்கும் ஒரு நொடியில் அந்தச் சாட்சியை அழித்துவிடும். பாறையில் பழைய எழுத்தைக் கண்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதுவும் யாரோ ஒருவரின் மீஸான் கல்தான்.