ஒரே சீசனில் 304 விக்கெட்டுகள்!

இங்கிலாந்தின் கவுன்ட்டி கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் ஒரு சீசனில் 100 விக்கெட் எடுத்துவிட்டால் அவரைப் பெரிய ஆளாகக் கொண்டாடுவார்கள். 1928-ல் கென்ட் அணியின் 'டிச்' ஃப்ரீமேன் எடுத்தது 304. அவருக்கு முன்பும் பின்பும் வேறு யாரும் ஒரு சீசனில் 300-ஐத் தொட்டதில்லை.

ஆல்ஃபிரட் பெர்சி ஃப்ரீமேன் 1888-ல் லண்டனின் லூயிஷாம் பகுதியில் பிறந்தவர். உயரம் வெறும் 5 அடி 2 அங்குலம்; குள்ளமானவர்களைச் செல்லமாக அழைக்கும் 'டிச்' என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. 1914-ல் கென்ட் அணிக்கு வந்தார். வந்த வருடமே முதல் உலகப்போர் தொடங்கியது. நான்கு சீசன்கள் அப்படியே போயின. போர் முடிந்து கிரிக்கெட் மறுபடி ஆரம்பித்தபோது அவருக்கு வயது 31. இந்த வயதில் பலர் ஓய்வைப் பற்றி யோசிப்பார்கள். ஃப்ரீமேனுக்கோ அப்போதுதான் ஆட்டமே ஆரம்பம்!

அவருடைய ஆயுதம் லெக் ஸ்பின். கூடவே டாப் ஸ்பின்னரும் அவ்வப்போது கூக்ளியும். குள்ளமான ஆள் பந்தை மேலே தூக்கிப் போடும்போது அது கண்மட்டத்துக்கு மேலே போய் இறங்கும். அடிக்கலாம் என்று பேட்ஸ்மேன் க்ரீஸை விட்டு இறங்குவார், பந்து திரும்பிவிடும், பின்னால் நிற்கும் விக்கெட் கீப்பர் லெஸ் ஏம்ஸ் ஸ்டம்பைத் தட்டிவிடுவார். 1932-ல் மட்டும் ஏம்ஸ் செய்த ஸ்டம்பிங்குகள் 64. அதுவும் இன்றுவரை சாதனைதான்.

1928-லிருந்து 1935 வரை எட்டு சீசன்களிலும் 200-க்கு மேல். மொத்தம் 2,090 விக்கெட்டுகள். இந்த எட்டு வருடங்களில் அவருடைய வயது 40-லிருந்து 47 என்பதை நினைத்துப் பாருங்கள். 1928-ல் மட்டும் அவர் வீசிய பந்துகள் சுமார் 12,000! ஒரு இன்னிங்ஸின் 10 விக்கெட்டையும் மூன்று முறை தனியாளாக வீழ்த்தியிருக்கிறார். முதல்தர கிரிக்கெட்டில் மொத்தம் 3,776 விக்கெட்டுகள். அவரை விட அதிகம் எடுத்தவர் யார்க்‌ஷயரின் வில்ஃப்ரட் ரோட்ஸ் ஒருவர்தான்.

இத்தனை எடுத்தவர் எத்தனை டெஸ்ட் ஆடியிருப்பார்? 12 மட்டுமே.

1924-25ல் ஆஸ்திரேலியா சென்றபோது இரண்டு டெஸ்டில் 8 விக்கெட். ஒவ்வொன்றுக்கும் 57 ரன்களுக்கு மேல் கொடுத்தார். கால்களை நன்றாக நகர்த்தி ஆடும் ஆஸ்திரேலியர்களிடம் இவர் பந்து எடுபடாது என்ற முத்திரை அன்று விழுந்தது. பிறகு 1928-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 3 டெஸ்டில் 22 விக்கெட், 1929-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மறுபடி 3 டெஸ்டில் 22 விக்கெட். ஆனாலும் 1929-க்குப் பின் டெஸ்ட் அணியில் இடம் கிடைக்கவில்லை. 1930-ல் பிராட்மேனின் ஆஸ்திரேலியா வந்தபோது ராபின்ஸ், பீபிள்ஸ், டில்டெஸ்லி என்று மூன்று லெக் ஸ்பின்னர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த சீசனில் 275 விக்கெட் எடுத்த ஃப்ரீமேனைக் கூப்பிடவே இல்லை. சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே அவர் காலம் முடிந்தது.

தேர்வாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாதாரண பேட்ஸ்மேன்களை வீழ்த்துவது வேறு, உலகின் சிறந்தவர்களை வீழ்த்துவது வேறு. ஆனால் டெஸ்ட் என்ற ஒரே அளவுகோலால் மட்டும் ஒரு ஆட்டக்காரரை அளப்பது சரியா? வாரத்தில் ஆறு நாள், ஊர் ஊராகப் போய், மே முதல் செப்டம்பர் வரை சலிக்காமல் பந்து வீசுவதும் ஒரு திறமைதானே! அவ்வளவு உழைத்தும் அவர் ஆடிய காலத்தில் கென்ட் ஒருமுறைகூட கவுன்ட்டி சாம்பியன் ஆகவில்லை.

1936-ல் அவர் எடுத்தது 110 விக்கெட். மற்றவர்களுக்கு அது நல்ல சீசன். ஃப்ரீமேன் என்றால் அது வீழ்ச்சி! கென்ட் அவரை விடுவித்தது.

இப்போது கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பில் ஒரு அணிக்கு சீசனுக்கு 14 ஆட்டங்கள்தான். எதிரணியின் எல்லா விக்கெட்டையும் ஒருவரே எடுத்தால்கூட 280-ஐத் தாண்ட முடியாது. எனவே 304 என்ற எண்ணை இனி யாரும் நெருங்கப் போவதில்லை.

ஓய்வுக்குப் பின் ஃப்ரீமேன் தன் வீட்டுக்கு 'டன்போலின்' என்று பெயர் வைத்தார். 'பந்து வீசி முடிச்சாச்சு' என்று அர்த்தம். 1965-ல் காலமானார்.