சுற்றி வரும் எழுத்து: தீனார் காசிலிருந்து கைத்தொலைபேசி வரை

நீளமான பதிவு. தேநீர் ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

மீலாத், நோன்பு, இல்ல விளையாட்டுப் போட்டி, இப்போது ஜனாஸா அறிவித்தல் கூட எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வீடியோவாக வருகிறது. நடுவில் ஒரு படம். அதைச் சுற்றி வட்டமாக எழுத்து. எழுத்து மெல்லச் சுழல்கிறது. செய்பவர்கள் பெரும்பாலும் எமது பிள்ளைகள்தான். ஆனால் பலவற்றில் அரபு எழுத்து உடைந்திருக்கிறது. முஹம்மத் என்ற பெயரில் மீம், ஹா, மீம், தால் நான்கும் சேராமல், போதாக்குறைக்கு இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கின்றன. தமிழும் தப்பவில்லை. 'கொ' என்று எழுதினால் 'க' தனியே ஓடிவிடுகிறது. கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தை வைத்துக்கொண்டு பின்னால் வருகின்றன.

உடனே பெரியவர்கள் பிள்ளையைத் திட்டுகிறார்கள். "ஓதப் படித்த பிள்ளைக்கு இது தெரியாதா?" என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த உடைவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் பிள்ளையின் பங்கு மிகக் குறைவு. (படம் போடலாமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

படத்தைச் சுற்றி எழுத்து என்பது காசு அடித்தவர்களின் பழக்கம். ரோமச் சக்கரவர்த்தியின் தலை நடுவில், பெயரும் பட்டமும் சுற்றிலும். உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் தங்கக் காசு அடித்தபோது முதலில் அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டார். ஹிஜ்ரி 74 முதல் 77 வரையான அந்தத் தீனார்களில் வாள் ஏந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் நடுவில் இருக்கும். கலிமா அந்த உருவத்தைச் சுற்றி வரும். ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-697இல், அவர் அதை மாற்றினார். உருவம் போய்விட்டது. நடுவிலும் எழுத்து, ஓரத்திலும் எழுத்து. ஒரு பக்க ஓரத்தில், இந்தத் தீனார் எந்த வருடம் அடிக்கப்பட்டது என்ற வாசகம் வட்டமாக ஓடும்.

அந்தக் காசின் எடை சுமார் 4.25 கிராம். அகலம் ஏறத்தாழ 2 சென்றிமீற்றர், எமது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் ஓரத்தில் அரபு எழுத்து வளைந்து போகிறது, ஆனால் ஒரு சேர்க்கையும் அறுபடவில்லை. காரணம் எளிது. அச்சு வெட்டியவர் கையால் வெட்டினார். அவர் வளைத்தது சொல்லை. தனித்தனி எழுத்தை அல்ல. வாசிப்பவர் காசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

எமது நாட்டிலும் இந்த வட்ட எழுத்து நிறையவே இருக்கிறது. விக்டோரியா காலத்து இலங்கைச் செப்புச் சதங்களைப் பழைய பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். நடுவில் தாலிப்பனை, சுற்றிலும் எழுத்து, அதே முகத்தில் சிங்களமும் தமிழும். தபால் முத்திரையும் வட்டம்தான், ஊர் ஓரத்தில், திகதி நடுவில். பாடசாலை அதிபரின் ரப்பர் சீல், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் சீல் எல்லாம் அதே குடும்பம். எமது தோட்டப்புற மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தபோது கழுத்தில் தொங்கிய 'டின் டிக்கெட்' என்ற தகர வில்லையும் வட்டமானதே. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். பெயர் இல்லை. இதைத் தனியாக எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

இவை எல்லாம் அசையாத எழுத்து. எழுத்தைச் சுழல வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தது இசைத்தட்டு. தட்டின் நடுவில் வட்ட லேபல். ஹெச்.எம்.வி. லேபலில் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து கேட்கும் நாய், பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் வரைந்தது. அதற்கு மேலே வளைந்த எழுத்து. ஊசியை வைத்தவுடன் நாயும் எழுத்தும் சேர்ந்து சுழலும். நாகூர் ஹனிபாவின் பாட்டைத் தட்டில் கேட்ட தலைமுறை இன்னும் எமது ஊரில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பழைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. அந்த வேகத்தில் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. தட்டு நின்ற பிறகுதான் பாட்டின் பெயர் தெரியும்.

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. மார்செல் டூஷாம்ப் என்ற கலைஞர் 1926இல் சுழலும் தட்டுகளில் பிரெஞ்சுச் சொற்களைச் சுருளாக எழுதி ஒரு குறும்படமே எடுத்தார். மக்கள் பார்த்தது அதை அல்ல, யுனிவர்சல் கம்பெனியின் உலக உருண்டையை. 1927இல் ஒரு விமானம் உருண்டையைச் சுற்றிப் பறந்து எழுத்தை விட்டுச் சென்றது. 1990இல் எழுத்துகளே உருண்டைக்குப் பின்னாலிருந்து வளைந்து முன்னால் வந்தன. ஜுராசிக் பார்க் கசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். இன்று பிள்ளைகள் செய்வது இதன் பேரப்பிள்ளை.

இனி மென்பொருள். 1984இல் அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியை வெளியிட்டது. 1985இல் அதற்கு நீல அட்டைப் பயிற்சி நூல் ஒன்று வந்தது. அதில் எழுத்தை வட்டமாக அடுக்குவதற்கு ஒரு சிறிய புரோகிராம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக அவர்கள் போட்டது என்ன தெரியுமா? பீத்தோவனின் 9ஆவது சிம்பொனி, அவருடைய பெயர், வாசித்த இசைக்குழுவின் பெயர். பார்த்தால் இசைத்தட்டு லேபல் போலவே இருக்கும். கணினியின் வட்ட எழுத்து தட்டிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் புரோகிராம் செய்யும் வேலை சாதாரண தரக் கணிதம். வட்டத்தின் சுற்றளவு 2πr. ஓர் எழுத்தின் அகலத்தைச் சுற்றளவால் வகுத்து 360ஆல் பெருக்கினால், அந்த எழுத்துக்கு எத்தனை பாகை என்று கிடைக்கும். அந்தளவு திருப்பு, எழுத்தை வை, அடுத்த எழுத்துக்குப் போ. ஆங்கிலத்துக்கு இது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அச்சில் அதன் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை.

எமது இரண்டு எழுத்துகளும் அப்படியல்ல. அரபில் ஒரு ஹர்ஃபு சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம், தனியே நின்றால் இன்னொரு வடிவம். அதைத் தனியே பிய்த்து எடுத்தால் தனி வடிவம்தான் வரும். அதனால்தான் நான்கு எழுத்தும் அன்னியர் போல நிற்கின்றன. தமிழில் 'கொ' எமக்கு ஓர் எழுத்து. 1991இல் வந்த யுனிகோட் முறையில் அது இரண்டு குறியீடு: க, அதன் பின் ஒகரக் குறி. இரண்டையும் பிரித்தால், தாங்க மெய்யில்லாத குறிக்கு மென்பொருள் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். பழைய பாமினி எழுத்துருவில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருந்ததால் உடையவில்லை, வட்டத்தில் வைத்தால் இடைவெளி மட்டும் அகலும். பழைய அச்சகக்காரர்கள் இன்றும் பாமினியை விடாததற்கு இது ஒரு நியாயமான காரணம்.

ஆக, காசு வெட்டியவர் சொல்லைப் பார்த்தார். மென்பொருள் துண்டுகளைப் பார்த்தது. பிரச்சினை முழுவதும் இதுதான்.

இதைச் சரிசெய்ய உழைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியரை எமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். சேர்த்து எழுதும் எழுத்துகளுக்குச் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் 'ஹார்ஃப்பஸ்' என்ற மென்பொருளை வளர்த்தவர் அவர். பெயரில் இருப்பது மத்ரஸாவில் நாம் ஓதும் அதே ஹர்ஃபுதான். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள் வரும். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் நீங்கள் இந்தப் பதிவை வாசித்தால், இந்தத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துத் தருவதும் அதுவே. நேர் வரியில் தமிழும் அரபும் இன்று உடையாமல் வருவது இத்தகைய உழைப்பால். வட்டத்துக்கு வரும்போது மட்டும் சில செயலிகள் இன்னும் 1985இன் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பிய்த்து வைக்கின்றன.

ஜனாஸா அறிவித்தல்தான் என் மனதை உறுத்துவது. மர்ஹூமின் படத்தைச் சுற்றி இன்னாலில்லாஹி உடைந்து சுழல்கிறது. அந்த நேரத்தில் அந்த வீட்டாரிடம் போய் யார் சொல்வது? அது அப்படியே நூறு தொலைபேசிக்குப் போய்விடுகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். முதலில் நேர் வரியில் தட்டச்சு செய்து, சேர்க்கை சரியா என்று ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிறகு வளையுங்கள். வளைத்ததும் உடைந்தால், வளைவு வசதியை விட்டுவிட்டு, சரியாக வந்த சொற்களை ஒவ்வொரு சொல்லாகப் படமாக்கி வட்டத்தில் சாய்த்து அடுக்குங்கள். சொல் சிறியதாக இருந்தால் நேராக நின்றாலும் கண்ணுக்கு வளைவாகவே தெரியும். அடுக்கி முடித்த வளையம் முழுவதையும் ஒரே படமாக்கி, அதன் மையத்தை நடுப்படத்தின் மையத்தில் வைத்து, அந்த வளையத்தையே சுழற்றுங்கள். எழுத்து எழுத்தாக அசைக்கும் அனிமேஷனை எமது மொழிகளுக்குத் தொடவே வேண்டாம். எல்லா எழுத்தின் தலையும் வெளிப்பக்கம் இருக்கட்டும். சீலில் செய்வது போல கீழ்ப்பாதியை நிமிர்த்தி வைத்தால், பாதிச் சுற்றில் அது மேலே வந்து தலைகீழாகும். கடைசிச் சொல்லுக்கும் முதல் சொல்லுக்கும் இடையில் ஒரு நட்சத்திரம் வையுங்கள், வாசகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஒரு சுற்றுக்கு 20 வினாடி கொடுங்கள். 78 வேகம் பாட்டுக்குத்தான்.

உடைந்த எழுத்தோடு வந்த வீடியோ ஏதும் உங்களிடம் இருந்தால் கீழே போடுங்கள், எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். செய்த பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.