முதுமையில் மூச்சுத்தசைப் பயிற்சி: ஒரு வரலாறு

மூச்சுத்தசைப் பயிற்சி என்பது உதரவிதானம், விலா எலும்பிடைத் தசைகள் போன்ற சுவாசத் தசைகளுக்குத் தடை கொடுத்து அவற்றை வலுப்படுத்தும் முறையாகும். பளு தூக்குபவர் கைத்தசைக்குச் செய்வதை இது மூச்சுத்தசைக்குச் செய்கிறது. வயதானால் கைகால் சதை வற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். மூச்சை இழுக்கும் தசையும் அப்படியே மெலியும் என்பது மருத்துவர்களின் கவனத்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

பள்ளியில் மணி ஜாடிச் சோதனை செய்து காட்டிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஜாடிக்குள் நுரையீரலாக இரண்டு பலூன்கள்; அடியில் உதரவிதானமாக ஒரு ரப்பர் தாள். தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும். மாணவர் கண்களெல்லாம் பலூன் மீதே இருக்கும். இழுக்கிற கையை யாரும் பார்க்க மாட்டார்கள். மருத்துவ வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

1846-இல் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், ஒருவர் முழுதாக இழுத்த மூச்சை முழுதாக வெளியேற்றும்போது வரும் காற்றை ஸ்பைரோமீட்டர் கொண்டு அளந்து வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதச் செய்து, இந்த அளவு உயரத்தோடு கூடுவதையும் வயதோடு குறைவதையும் கண்டார். பாதரசக் குழாய் வைத்து மூச்சின் விசையையும் அவர் அளந்தார். ஆனால் பின்வந்தவர்களிடம் நிலைத்தது காற்றின் கொள்ளளவு மட்டுமே. பலூனை அளந்தார்கள், கையை மறந்தார்கள்.

கையை நினைவுபடுத்தியது இளம்பிள்ளை வாதம். அந்த நோயில் நுரையீரல் நன்றாக இருந்தும் தசை செயலிழந்ததால் குழந்தைகள் மூச்சின்றி இறந்தனர். 1928-இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய ‘இரும்பு நுரையீரல்’ அந்தத் தசையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. 1945-இல் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் தொடைத் தசைக்குப் படிப்படியாகப் பளுவைக் கூட்டிப் பயிற்சி தரும் முறையை வெளியிட்டார். தொடைக்குப் பொருந்துவது உதரவிதானத்துக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்க இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன!

இடையில் 1969-இல் லியோ பிளாக், ராபர்ட் ஹயாட் இருவரும் அடைத்த குழாயில் ஒருவர் எவ்வளவு வலுவாக இழுக்கவும் ஊதவும் முடியும் என்று அளந்து, ஆண், பெண், வயது வாரியாக இயல்பு அளவுகளைத் தந்தார்கள். முதியோரிடம் இந்த விசை குறைந்திருந்தது. 1976-இல் டேவிட் லீத், மார்க் பிராட்லி ஆகியோர் உடல்நலமுள்ள சிலருக்கு ஐந்து வாரம் மூச்சுத்தசைப் பயிற்சி அளித்தனர். வலிமைப் பயிற்சி செய்தவர்களின் விசை சுமார் 55 விழுக்காடு கூடியது. சோதனைக்கு உட்பட்டவர்கள் வெகு சிலரே. ஆயினும் பாதை திறந்துவிட்டது.

முதுமையின் தசையிழப்புக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் ‘சதை’, ‘வறுமை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘சார்கோபீனியா’ என்ற சொல்லை அச்சில் தந்தார். பெயர் இருந்தால்தான் கவனிப்பார்கள் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டே மரியா ஃபியாட்டரோன் குழுவினர், பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தந்த கால் தசைப் பயிற்சியின் முடிவை வெளியிட்டனர். எட்டு வாரத்தில் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ‘இந்த வயதில் இனி என்ன’ என்ற பேச்சு அங்கே பொய்த்தது.

மூச்சுத்தசை மெலிந்தால் படியேற மூச்சிரைக்கும். அதைவிட ஆபத்து, இருமல் வலுவிழப்பது. சளியை வெளியே தள்ள முடியாத முதியவரை நிமோனியா எளிதில் பிடித்துக்கொள்ளும். அறுவை சிகிச்சைக்குப் பின் இது உயிர்ப்பிரச்சினை. நெதர்லாந்தில் இதயத் தமனி மாற்றுவழி அறுவைக்குக் காத்திருந்த, நுரையீரல் சிக்கல் வர வாய்ப்பு மிகுந்த 279 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், நாளுக்கு 20 நிமிடம் மூச்சிழுக்கும் பயிற்சி செய்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கே நுரையீரல் சிக்கல் வந்தது. செய்யாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கு வந்தது. தடையை ஒருவரின் உச்ச விசையில் 30 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார்கள்.

இதற்கான கருவி கையடக்கமானது. உள்ளே விற்சுருள் பொருத்திய அடைப்பான் இருக்கும். குறித்த விசையோடு இழுத்தால்தான் திறக்கும். நம் மருத்துவமனைகளில் தரும் மூன்று பந்துக் கருவி இதுவன்று. அது ஆழமாக மூச்சிழுக்கப் பழக்குவது. தசைக்கு அளந்து பளு தருவதன்று. பிராணாயாமமும் மூச்சைச் சீராக்கும் வேறொரு மரபு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் கட்டுரைகளை அடிக்கடி காண்கிறேன். நெஞ்சுறையில் காற்றுப் புகுந்த நோய் உள்ளவர்கள் தடைக் கருவியைத் தொடக்கூடாது. மற்ற முதியவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஊதும் தசைக்கும் பயிற்சி உண்டு. நடுக்குவாத நோயாளிகள் நான்கு வாரம் அதைச் செய்தபோது விழுங்குவது முன்னிலும் பாதுகாப்பானதாக 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

2023-இல் ஜப்பானின் நான்கு தொழில்முறை அமைப்புகள் ‘சுவாசச் சார்கோபீனியா’ பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டன. மூச்சுத்தசையின் வலிமை, அளவு இரண்டும் குறைந்த நிலைக்கே அந்தப் பெயர். வலிமையை அளக்க வழி உண்டு, அளவுதான் சிக்கல். கெண்டைக்காலை நாடாவால் அளந்துவிடலாம். விலாவுக்குள் மறைந்திருக்கும் உதரவிதானத்தின் தடிமனை அல்ட்ராசவுண்டில்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு மெலிந்தால் நோய் என்பதற்கு எல்லோரும் ஏற்ற எல்லைக்கோடு அந்த அறிக்கையின்போதும் இருக்கவில்லை.