நாரையின் காலிற் கட்டிய ஓலை

தெற்கே குமரி வரை சென்று வடக்கே மீளும் செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி விடுத்தார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் பருவந்தோறும் நெடுந்தூரம் சென்று மீளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேனாட்டிலோ, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்திற் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என அரிஸ்டாட்டில் எழுதிய கருத்து, பதினெட்டாம் நூற்றாண்டிலும் அறிஞர் சிலரிடம் நிலவியது. 1822இல் வட யேர்மனியில், கழுத்தில் ஆபிரிக்க ஈட்டி பாய்ந்த நாரையொன்று அகப்பட்டது. அது சென்றுவந்த கண்டம் புலனாயிற்று, வழி புலனாகவில்லை.

வழியறியும் முறையை வகுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கின் வீபோர்க் நகரத்து மோற்றன்சன், 1899இல், மைனா இனத்தைச் சேர்ந்த 165 பறவைகளின் கால்களில், இலக்கமும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களை அணிவித்துப் பறக்கவிட்டார். முன்னர் அவர் இட்ட துத்தநாக வளையம் பறவைக்குப் பாரமாயிருந்தமையின் இலேசான உலோகத்தைத் தேர்ந்தார்.

1901இல் போல்டிக் கடலோரத்து றொசிற்றன் என்னும் சிற்றூரில் யொகான்னஸ் தீனமன் பறவை நோக்கு நிலையமொன்றை நிறுவினார். கடலுக்கும் களப்புக்கும் இடையே ஏறக்குறைய 98 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றிட்டில் அவ்வூர் உள்ளது. அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கத் தயங்கும் தரைப்பறவைகள் இத்திட்டின் வழியே திரண்டு செல்லும். ஊரார் உணவுக்காக வலைவைத்துப் பிடித்த காகங்களிற் சிலவற்றைப் பெற்று, 1903இல் தீனமன் வளையமிடத் தொடங்கினார். வளையத்தின் பொருட்டே மக்கள் பறவைகளைக் கொல்வர் எனக் கண்டித்தோரும் உளர். அவர் தளரவில்லை. பின்னர் நாரைகளுக்கும் வளையமிட்டார். அந்நாரைகள் மத்தியதரைக் கடலைக் குறுக்கே கடவாது, அதன் கீழ்க்கரையைச் சுற்றி ஆபிரிக்காவின் தென்பகுதி வரை செல்வது இவ்வாறே தெளிவாயிற்று.

இவ்வுண்மையை நிலைநாட்டியவர் வளையமிட்டவர் மட்டுமல்லர். எங்கோ இறந்து கிடந்த பறவையைக் கண்டு, அதன் காலிலிருந்த எழுத்தைப் படித்து, முன்பின் அறியாத ஊருக்குக் கடிதம் விடுத்த பெயரறியா மக்களும் இவ்வரலாற்றை ஆக்கியோரே. அவர்கள் வாளாவிருந்தால் வளையம் வெறும் தகடேயாம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், அந்நிலையத்தின் பணி நின்றது. நிலம் சோவியத்து ஆட்சிக்குட்பட்டது. ஊரின் பெயரும் றிபாச்சி என மாறிற்று. யேர்மனிய அறிஞர் தென் யேர்மனியின் றடொல்வ்செல் என்னும் ஊரிற் பணியைத் தொடர்ந்தனர். 1956இல் சோவியத்து அறிஞர் பெலபோல்ஸ்கி முதலியோர் அதே மணற்றிட்டிற் புதிய நிலையத்தைத் தொடங்கினர். போரிற் பகைத்த இரு நாட்டாரும் ஒரே ஆராய்ச்சியின் இரு பகுதிகளை எழுதினர்.

வடபுலத்துப் பறவைகள் ஆண்டுதோறும் மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் வந்திறங்குகின்றன. அவற்றுள் ஒன்றன் காலில் வளையம் காணும் மாணவன், பறவைக்கு ஊறு செய்யாது, இலக்கத்தையும் இடத்தையும் நாளையும் குறித்து உரியவர்க்கு அறிவிப்பானாக. அவ்வோலை அவனுக்கும் எழுதப்பட்டதே.